அயோர்ட்டிக் வால்வு சுருக்கம்: அம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா?

தம்பி, அம்மாவுக்கு 67 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறீர்கள், எக்கோ ஸ்கேனில் அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பது தெரிந்து டாக்டர் அறுவை சிகிச்சைக்கு எழுதிவிட்டார் என்று சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவோ "நான் நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை குடுக்கச் சொல்லு" என்கிறார். பெரியம்மாவுக்கு அந்தக் காலத்தில் பலூன் விட்டுச் சரிசெய்தார்களே, அப்படி முடியாதா? நெஞ்சைத் திறந்தால் பிழைப்பாரா? எந்த வால்வு வைப்பது? இவைதான் உங்கள் கேள்விகள். நான் இருதய அறுவைப் பிரிவில் தாதியாகப் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, அம்மாவின் ரிப்போர்ட்டையும் பார்க்கவில்லை. அதனால் முடிவு உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். பேசப் போகும்போது உங்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் "நல்லாத்தானே இருக்கேன்" என்பதைப் பார்ப்போம். நீங்களே போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். சந்தைக்கு நடந்து போனால் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போகிறார். போன மாதம் குளியலறையில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தம்பி, இது நன்றாக இருப்பவருக்கு வருவதில்லை. வால்வு மெதுவாகச் சுருங்குகிற நோய் இது, பல வருஷம் எடுக்கும். அந்த வருஷங்களில் மனிதர்களும் தங்கள் நடமாட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வார்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு வருஷா வருஷம் படியேறிப் போனவர் கீழே நின்று கும்பிட்டுவிட்டு வருவார், கேட்டால் "முட்டி வலி" என்பார். அம்மாவிடம் "மூச்சு வாங்குதா?" என்று கேட்காதீர்கள். "இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற மகாதமனியின் வாசலில் இருப்பதுதான் அயோர்ட்டிக் வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள். நன்றாகத் திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். வயது ஏற ஏற இதழ்களில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகிறது. வழி 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் கடுமையான சுருக்கம் என்பார்கள். எக்கோ ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு எண்களைத் தேடுங்கள். ரத்தம் பாய்கிற வேகம் வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல் இருக்கிறதா, வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம் 40 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே இடது கீழறை எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். அது 50க்குக் கீழே இறங்கிவிட்டால் அறிகுறி இல்லாவிட்டாலும் வால்வை மாற்றச் சொல்வார்கள்.

சுருங்கிய வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடிக்கிறது. அது தாங்குகிற வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. தாங்காமல் போகும்போதுதான் நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்குதல் வரும். அதற்குப் பிறகு நோய் வேகமெடுக்கிறது. 1968இலேயே ராஸ், ப்ரான்வால்ட் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்குப் பார்த்து எழுதினார்கள். வால்வை மாற்றாமல் விட்டால் நெஞ்சு வலி தொடங்கியவர்கள் சராசரியாக 5 வருஷம், மயக்கம் வந்தவர்கள் 3 வருஷம், இதயம் தளர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கியவர்கள் 2 வருஷம். இந்தக் கணக்கின் சாரம் இன்றும் மாறவில்லை. நம் குடும்பங்களில் பயம் எல்லாம் ஓப்பரேஷன் மேல்தான் இருக்கிறது. அறிகுறி வந்த பிறகு சும்மா காத்திருப்பதுதான் அதைவிடப் பல மடங்கு ஆபத்து. இதை அம்மாவுக்குப் புரியவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சரி, மாத்திரை? இந்தச் சுருக்கத்தைக் கரைக்கவோ நிறுத்தவோ இன்றுவரை எந்த மாத்திரையும் இல்லை. கொழுப்பு மாத்திரை கொடுத்தால் சுண்ணாம்பு படிவது குறையுமா என்று பெரிய ஆய்வுகள் செய்தார்கள். 2008இல் வந்த முடிவும் இல்லை என்றுதான் சொன்னது. ரத்த அழுத்தத்துக்கும் நீர் கோர்ப்பதற்கும் கொடுக்கிற மாத்திரைகள் சிரமத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். வால்வு அப்படியேதான் இருக்கும். இன்னொரு விஷயம்: நெஞ்சு வலி என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். கடுமையான சுருக்கம் உள்ளவருக்கு அது ரத்த அழுத்தத்தைத் திடீரென்று கீழே தள்ளி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். டாக்டர் எழுதித் தராமல் அம்மா அதைத் தொடவே கூடாது.

பெரியம்மாவுக்குச் செய்தது வேறு வால்வாக இருக்கும் என்று நினைக்கிறேன். முப்பது வயதில் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அந்த வயதில் பலூன் என்றால் பெரும்பாலும் மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது. சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வருகிற ஒரு கிருமி, சரியாக மருந்து எடுக்காவிட்டால், வாதக் காய்ச்சலாக மாறி மூட்டையும் இதயத்தையும் தாக்கும். தோட்டப்புறத்தில் நெருக்கமான லயங்களில் வளர்ந்த தலைமுறையில் இதை நிறையப் பார்த்தோம். பல பெண்களுக்குப் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதுதான் முதன்முதலாக மூச்சு வாங்கி நோயே தெரியவரும். அங்கே இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனை இதயத்துக்குள் கொண்டுபோய் ஊதினால் ஒட்டியது பிரிந்து வழி விரியும். ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1982இல் இதை முதலில் செய்தார். இதழ்கள் இன்னும் மெல்லியதாக, சுண்ணாம்பு அதிகம் படியாமல், இதயத்துக்குள் ரத்தக் கட்டி இல்லாமல் இருந்தால் அருமையான சிகிச்சை, பல வருஷம் தாங்கும்.

அம்மாவுக்கு இதழ்கள் ஒட்டவில்லை, சுண்ணாம்பேறி இறுகியிருக்கின்றன. பலூன் ஊதினால் கொஞ்சம் விரிந்து சில மாதங்களில், மிஞ்சிப்போனால் ஒரு வருஷத்துக்குள், திரும்பவும் சுருங்கிவிடும். மிக மோசமான நிலையில் வந்தவரைக் கொஞ்சம் தேற்றி அடுத்த சிகிச்சைக்குக் கொண்டுபோக மட்டும்தான் அதைச் செய்வார்கள். ஆக வால்வை மாற்றுவதுதான் வழி. அதை இரண்டு விதமாகச் செய்யலாம்.

ஒன்று திறந்த அறுவை. அம்மாவுக்கு இது ஏதோ புதுச் சோதனை என்று தோன்றலாம், ஆனால் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1925இல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்பவர் துடித்துக்கொண்டிருந்த இதயத்துக்குள் விரலை விட்டு ஓர் இளம்பெண்ணின் மைட்ரல் வால்வை விரித்தார். அந்தப் பெண் பிழைத்தும், மற்ற டாக்டர்கள் பயந்துபோய் அவரிடம் அடுத்த நோயாளியை அனுப்பவில்லை. 1953இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து வெற்றிகரமாக அறுவை செய்த பிறகுதான் இதயத்தை நிறுத்திவிட்டு உள்ளே நிதானமாக வேலை செய்ய முடிந்தது. 1960 முதல் செயற்கை வால்வுகள் வைத்துவருகிறார்கள். நம் நாட்டில் தேசிய இருதயக் கழகம், அதாவது ஐ.ஜே.என்., 1992இல் கோலாலம்பூரில் தொடங்கியது. பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியிலும் ஜார்ஜ்டவுன் தனியார் மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது.

நெஞ்செலும்பை நடுவில் பிரித்து, ரத்தத்தை இயந்திரத்துக்கு மாற்றி, பொட்டாசியம் கலந்த திரவத்தால் இதயத்தை நிறுத்தி, சுண்ணாம்பேறிய வால்வை வெட்டி எடுத்து, புதியதைத் தைத்துவிட்டு இதயத்தைத் திரும்ப ஓடவைப்பார்கள். பெரும்பாலும் மூன்று நான்கு மணி நேரம். வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு வால்வு மட்டும் மாற்றினால் நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இறக்கிறார்கள். பக்கவாதம் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம். மூன்றில் ஒருவருக்காவது முதல் வாரத்தில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும். அது பெரும்பாலும் மருந்தில் சரியாகிவிடும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, முன்பே வந்த பக்கவாதம், கூடவே பைபாஸ் செய்யவேண்டிய நிலை இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று அறுவைக்கு முன் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மலேசியாவில் நம் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நெஞ்சுக் காயம் சீழ்பிடிக்கும் வாய்ப்பு கூடும், எலும்பு சேரத் தாமதமாகும். தேதிக்குக் காத்திருக்கும் வாரங்களில் சர்க்கரையை இறக்குவதும் பல் டாக்டரைப் பார்த்துச் சொத்தைப் பல்லைச் சரிசெய்வதும்தான் குடும்பம் செய்யக்கூடிய ஆகச் சிறந்த உதவி.

இரண்டாவது, டாவி. தொடைத் தமனி வழியாகச் சுருட்டிய புது வால்வைக் கொண்டுபோய்ப் பழைய வால்வுக்குள்ளேயே விரித்து வைப்பது. 2002இல் பிரான்சில் ரூவான் நகரில் அலன் க்ரிபியே முதலில் செய்தார். நெஞ்சைத் திறக்க வேண்டாம், இரண்டு மூன்று நாளில் வீடு. 2010இல் வந்த ஆய்வில், அறுவை தாங்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்ட முதியவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் ஒரே வருஷத்தில் நூற்றுக்கு 51 பேர் இறந்தார்கள், டாவி செய்தவர்களில் 31 பேர். 2019 முதல், ஆபத்து குறைந்தவர்களுக்கும் டாவி அறுவைக்குச் சளைத்ததில்லை என்று ஆய்வுகள் காட்டின. ஆனால் பேஸ்மேக்கர் தேவைப்படுவது இதில் அதிகம். வால்வின் ஓரத்தில் கசிவு இருக்கலாம். பத்துப் பதினைந்து வருஷம் தாண்டி எப்படி உழைக்கும் என்பதற்கு, அறுவை வால்வுக்கு இருக்கிற அளவு நீண்ட அனுபவம் இன்னும் இல்லை. அமெரிக்க வழிகாட்டி 65 வயதுக்குக் கீழே அறுவை, 80க்கு மேலே டாவி, நடுவில் இருப்பவர்களுக்குப் பேசி முடிவெடுங்கள் என்கிறது. அம்மா சரியாக அந்த நடுவில் நிற்கிறார். அவருக்கு வேறு நோய் இல்லை, இன்னும் இருபது வருஷம் வாழக்கூடியவர் என்றால், நான் திறந்த அறுவைப் பக்கம்தான் சாய்வேன். காரணம், இப்போது தைத்து வைக்கிற வால்வு பின்னால் தேய்ந்தாலும் அப்போது அதற்குள் டாவி வைக்க வழி இருக்கும். முதலிலேயே டாவி வைத்து அது எண்பது வயதில் தேய்ந்தால், அதை அகற்றும் அறுவை மிகக் கடினம்.

எந்த வால்வு என்ற கேள்விக்கு வருவோம். இதில்தான் குடும்பங்கள் அவசரப்படுகின்றன. உலோக வால்வு என்று நாம் சொல்வது உண்மையில் கார்பனால் ஆனது. இருபது முப்பது வருஷம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை வாழ்நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். புதிதாக வந்திருக்கும் ரத்த மெலிவு மாத்திரைகள் இதற்கு உதவாது. இரண்டை இந்த வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, ஆபத்து என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். திசு வால்வு மாட்டின் இதய உறையிலோ பன்றி வால்விலோ செய்யப்படுவது. பத்துப் பதினைந்து வருஷம் நன்றாக ஓடும், வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாகத்தான் தேயும். முதல் சில மாதங்களுக்குப் பிறகு பலருக்கும் வார்ஃபரின் தேவைப்படாது. கலிஃபோர்னியாவில் பல ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், அயோர்ட்டிக் வால்வுக்கு 55 வயது வரை உலோக வால்வு வைத்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள், அதற்கு மேல் வித்தியாசம் இல்லை. மைட்ரலுக்கு அந்த எல்லை 70 வரை நீண்டது. 67 வயதில் அயோர்ட்டிக் வால்வுக்குத் திசு வால்வுதான் பொதுவாகச் சொல்வார்கள். அம்மாவுக்கும் அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

மாடா பன்றியா என்பதைப் பினாங்கில் இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் கேட்பார்கள், கேட்கத் தயங்கவும் செய்வார்கள். தயங்க வேண்டாம். அம்மாவுக்கு மனதில் உறுத்தல் இருந்தால் அறுவைக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: உலோக வால்வையே வைத்தாலும், இயந்திரத்தில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பதுதான். தெரிந்து முடிவெடுப்பது நல்லது.

ஒருவேளை வார்ஃபரின் எழுதினால், சில மாதங்களுக்கே ஆனாலும், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் மருந்தாளர்களே நடத்தும் வார்ஃபரின் கிளினிக் இருக்கும். முருங்கைக்கீரை, பசலை, கங்கோங் கீரை, சாவிக் கீரை இவற்றையெல்லாம் நிறுத்தச் சொல்லவில்லை, வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட வேண்டும். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து மரக்கறிக்கு மாறும்போது கீரை கூடிவிடும், ஐ.என்.ஆர். கீழே இறங்கும். விரதம் தொடங்கும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் போன்ஸ்டான் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது, நாட்டு மருந்து, ஜாமு என்கிற மலாய் மூலிகை மருந்து, இவை ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். அலகு குத்துவது வேண்டவே வேண்டாம். திசு வால்வோ உலோக வால்வோ, தோலைத் துளைத்துக் கிருமி ரத்தத்தில் கலந்தால் அது புது வால்வில் போய்த் தங்கும். நேர்த்திக்கடன் இருந்தால் பால்குடமாக மாற்றிக்கொள்ளலாம். அதையும் டாக்டரிடம் கேட்டு, காயம் நன்றாக ஆறிய பிறகு.

அறுவை முடிந்து ஐ.சி.யு.வில் ஒன்றிரண்டு நாள், மருத்துவமனையில் மொத்தம் ஏறத்தாழ ஒரு வாரம். இரண்டாம் மூன்றாம் நாளில் வயதானவர்கள் சிலர் தேதி குழம்பி, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார்கள். பிள்ளைகள் மூளை பாதித்துவிட்டதோ என்று அழுதுவிடுவார்கள். தாதியிடம் உடனே சொல்லுங்கள், ஆனால் பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். கண்ணாடி, காது மெஷின், தெரிந்த குரல், இவை பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் தெளியும். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் பசி இருக்காது, தூக்கம் வராது, காரணமில்லாமல் கண் கலங்கும். அதற்காகத் திட்டாதீர்கள். நெஞ்செலும்பு சேர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை பேரனைத் தூக்குவது, தண்ணீர் வாளி, அம்மி, தரையில் உட்கார்ந்து கையை ஊன்றி எழுவது, எல்லாம் நிறுத்தம். நடப்பது மட்டும் தினமும் கொஞ்சம் கூட வேண்டும். மூன்று மாதத்தில் மார்க்கெட்டுக்கு நிற்காமல் நடந்து போய் வருவார்கள். தடித்த இதயத் தசை மாதக்கணக்கில் மெல்ல இளகும்.

பணம். அரசு மருத்துவமனையில் கட்டணம் குறைவு, ஆனால் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். வால்வுக்குத் தனியாகக் கட்டச் சொன்னால் மருத்துவ சமூகநலப் பிரிவைப் பாருங்கள், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு வழி சொல்வார்கள். அரசு ஊழியர், ஓய்வூதியர் குடும்பம் என்றால் உத்தரவாதக் கடிதம் கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தைப் பெற்றோரின் கடுமையான நோய்க்கு எடுக்கலாம். டாவியில் வால்வின் விலையே பெரிய தொகை, அதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். காத்திருக்கும்போது அம்மாவுக்கு மயக்கம் வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

கடைசியாக ஒன்று, வால்வு மாற்றிய பிறகு ஆயுள் முழுக்க நினைவில் வைக்க வேண்டியது. பல் பிடுங்குவதற்கு முன், வால்வு வைத்திருப்பதைப் பல் டாக்டரிடம் சொல்லி ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதற்கு முன்பே ரத்தத்தை எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மருந்து முதலில் போய்விட்டால் வால்வில் தங்கிய கிருமி சோதனையில் பிடிபடாமல் போகும். அம்மாவின் அடையாள அட்டைக்குப் பின்னால் எந்த வால்வு வைத்தார்கள் என்று குறித்துத் தரும் வால்வு அட்டையின் நகல் ஒன்றை வைத்துவிடுங்கள்.